வளாகத்தில் தாக்கப்பட்டால்: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பகிடிவதையிலோ வேறு வன்முறையிலோ அடிபட்ட மாணவர் முதல் மூன்று நாட்களில் எங்கெங்கே, எந்த வரிசையில் போனார் என்பதை வைத்தே பிறகு நீதவான் முன்னால் அவருடைய வழக்கு நிற்கும் அல்லது விழும். பாதிக்கப்பட்ட மாணவர்களோடு வைத்தியசாலைக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் துணைக்குப் போய் வந்த அனுபவத்தில் நான் கண்ட பெரிய தவறு, முதலில் பல்கலைக்கழகத்திடம் சொல்லிவிட்டு அதன் விசாரணை முடியட்டும் என்று காத்திருப்பதுதான். விசாரணை முடிய மாதங்கள் ஆகலாம். உடம்பிலுள்ள கண்டல் காயமோ ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும்.

ஆகவே முதலில் வைத்தியசாலை, அடுத்து பொலிஸ், அதன் பின் பல்கலைக்கழகம் என்பதே சரியான வரிசை. வந்தாறுமூலை, ஒலுவில் வளாகங்களின் மாணவர்களுக்கும், தாழங்குடா, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகளின் ஆசிரிய மாணவர்களுக்கும், தொழில்நுட்பக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும் இந்த வரிசை ஒன்றே.

1. புறப்படுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டை, மாணவர் அடையாள அட்டை, சார்ஜ் உள்ள கைத்தொலைபேசி, மாற்று உடுப்பு ஒன்று, நம்பிக்கையான ஒருவர். துணைக்கு வருபவர் சம்பவத்தைக் கண்ணால் கண்டவராக இருந்தால், அவர் தன் வாக்குமூலத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வையுங்கள்.

பயணத்தின்போதே ஒரு தாளில் நடந்ததை வரிசையாக எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் யார் நின்றார்கள், யார் எதைக் கொண்டு எங்கே அடித்தார், என்ன வார்த்தை சொன்னார் என்பன அதில் இருக்க வேண்டும். வைத்தியர், பொலிஸ், பல்கலைக்கழகக் குழு என்று குறைந்தது மூன்று இடங்களில் இதே கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். ஓரிடத்தில் எட்டு மணி என்றும் இன்னோரிடத்தில் பத்து மணி என்றும் சொல்லிவிட்டால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குவார். இந்தத் தாள் உங்கள் நினைவுக்கானது. யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை, கிழித்தெறியவும் வேண்டாம்.

புதுமுக மாணவர்களுக்குச் சீனியர்களின் பட்டப்பெயர் மட்டுமே தெரிந்திருக்கும். அப்படியானால் பட்டப்பெயரை எழுதி, அதன் பக்கத்தில் உயரம், நிறம், தாடி, குரல், எந்தப் பீடம், எத்தனையாம் வருடம் என்ற விவரங்களையும் எழுதுங்கள். தெரியாத பெயரை ஊகித்து எழுத வேண்டாம். ஒரு பெயர் பிழைத்தால் மற்றப் பெயர்களின் மீதும் சந்தேகம் விழும்.

2. முதலில் அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலை ஆகியவற்றில் அருகிலுள்ளதற்குச் செல்லுங்கள். தனியார் மருந்தகத்தில் கட்டுப்போட்டுக்கொண்டு அறைக்குத் திரும்புவதால் காயம் ஆறும், ஆனால் நீதிமன்றத்துக்குத் தேவையான சட்ட மருத்துவ அறிக்கை அங்கே உருவாகாது.

வைத்தியர் "என்ன நடந்தது?" என்று கேட்கும் அந்த ஒரு நிமிடத்தில் மிகக் கவனமாக இருங்கள். ஒரு மாணவன் முகம் வீங்கி, காது அடைத்து, வெளிநோயாளர் பிரிவில் நின்றான். பக்கத்தில் அவனை அழைத்து வந்த சீனியர் ஒருவரும் நின்றார். வைத்தியர் கேட்டதும் அவன் கண்களைத் தாழ்த்திக்கொண்டு "பாத்ரூமில் வழுக்கி விழுந்திட்டன் டொக்டர்" என்றான். அந்த வாக்கியம் அப்படியே அவனுடைய டிக்கெட்டில், அதாவது வைத்தியசாலையின் நோயாளர் பதிவில், ஏறியது. மூன்று நாள் கழித்துத் துணிவு வந்து பொலிஸுக்குப் போனபோது, அரச ஆவணமொன்று அவனுக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. கூட வந்தவரின் முன்னால் பேசப் பயமாக இருந்தால், "டொக்டர், உங்களோடு தனியாகக் கதைக்க வேண்டும்" என்று கேளுங்கள். அதற்கு மறுப்பிருக்காது.

அடித்தார்கள் என்று நீங்கள் சொன்னதும் வைத்தியசாலையிலுள்ள பொலிஸ் காவலரணுக்கு அறிவிக்கப்படும். பொலிஸார் வழங்கும் மருத்துவ சட்டப் பரிசோதனைப் படிவத்தின்படி சட்ட வைத்திய அதிகாரி உங்களைப் பரிசோதிப்பார். வெளியில் தெரியும் காயத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கன்னத்தில் அறைந்ததால் காது இரைகிறதா, பல் ஆடுகிறதா, மூச்சு இழுக்கும்போது விலா வலிக்கிறதா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். எலும்போ பல்லோ உடைந்திருந்தால் அது தண்டனைச் சட்டக் கோவையின்படி பாரதூரமான காயமாகிறது, வழக்கின் தன்மையே மாறிவிடுகிறது.

அடி விழாமல், நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போட வைத்திருந்தாலும் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். அளவுக்கு மீறிய உடற்பயிற்சியால் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. 1997 இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவரின் உயிர் பகிடிவதையைத் தொடர்ந்த சிறுநீரகச் செயலிழப்பினால்தான் போனது.

வார்டில் தங்கச் சொன்னால் தங்குங்கள். பரீட்சைக்காகவோ அம்மா பயப்படுவார் என்பதற்காகவோ கையொப்பமிட்டு வெளியேற வேண்டாம். வெளியேறும்போது நோயும் சிகிச்சையும் எழுதப்பட்ட டயக்னோசிஸ் கார்டை வாங்கிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பாலியல் வன்முறையாக இருந்தால்

குளிக்க வேண்டாம். உடுப்பை மாற்றினால், கழற்றியதைக் கழுவாமல் காகிதப் பையில் தனித்தனியாக வையுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். முதல் 72 மணி நேரத்துக்குள் போனால், தடயம் எடுப்பதோடு கருத்தரிப்பையும் எச்.ஐ.வி. தொற்றையும் தடுக்கும் மருந்துகளையும் பெற முடியும். அந்த நேரம் கடந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும், ஏனென்றால் தாமதம் வழக்கைக் கடினமாக்குமே தவிர அதன் கதவை மூடிவிடாது.

பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் தேவை. பெண் வைத்தியரைக் கேட்கலாம், பரிசோதனையின்போது ஒரு பெண் உடனிருக்கவும் கேட்கலாம். பெரிய அரச வைத்தியசாலைகளில் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ இயங்கும் நட்பு நிலையம், பொலிஸுக்குப் போகலாமா வேண்டாமா என்று நீங்கள் இன்னும் முடிவெடுக்காத நிலையிலும் உங்களோடு பேசும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பெயர் வெளியே வந்துவிடும் என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக் கோவையின்படி தனிக் குற்றம். ஊரிலோ முகநூலிலோ யாராவது அதைச் செய்தால் அதற்கும் முறைப்பாடு செய்யுங்கள்.

4. சான்றுகளைக் காப்பாற்றுதல்

காயங்களை முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று தொடர்ந்து படமெடுங்கள். கண்டல் முதல் நாளில் சிவப்பாகத் தெரிந்து இரண்டாம் நாளில்தான் கறுத்துப் பரவும். படத்தில் ஓர் அடிமட்டத்தையோ நாணயத்தையோ பக்கத்தில் வைத்தால் அளவு தெரியும்.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபத்தில் விலகிவிடுவதும், மிரட்டல் செய்திகளை அழித்துவிடுவதும் நான் திரும்பத் திரும்பக் காணும் தவறு. குழுவில் இருந்தபடியே செய்திகளை, அனுப்பியவரின் தொலைபேசி இலக்கம் தெரியும்படி, படமாக எடுத்து வேறொரு இடத்திலும் சேமியுங்கள். ஒலிப்பதிவையும் காணொளியையும் சான்றாக ஏற்பதற்கு 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் பதிவு செய்த அதே தொலைபேசி இருந்தால்தான் அதன் உண்மைத்தன்மையைக் காட்டுவது எளிதாகும். தொலைபேசியை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

விடுதியிலோ வாயிலிலோ சிசிடிவி கமெரா இருந்தால், அந்தத் திகதியின் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி பல்கலைக்கழகப் பதிவாளருக்கு உடனே எழுத்தில் கேளுங்கள். இத்தகைய கருவிகள் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும்.

தாக்கியவர்களின் படத்தை முகநூலில் போட வேண்டாம். பெயர் தெரியாத சந்தேகநபர்களை நீதவான் அடையாள அணிவகுப்பில் நிறுத்தும்போது, "இந்தப் படம் ஏற்கனவே எல்லோரும் பார்த்ததுதானே" என்று எதிர்த்தரப்பு சொன்னால் அணிவகுப்பின் பெறுமதியே போய்விடும்.

5. பொலிஸ் முறைப்பாடு

சம்பவம் நடந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். எது என்று தெரியாவிட்டால் 119 க்கு அழைத்துக் கேளுங்கள். வளாகத்துக்கு வெளியே, வாடகை அறையில் நடந்தது என்பதால் பகிடிவதைச் சட்டம் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். அது பிழை. கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயோ வெளியேயோ நடந்தாலும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். மாணவருக்கோ பணியாளருக்கோ உடற்காயமோ, உளக்காயமோ, மன வேதனையோ, அச்சமோ ஏற்படுத்தும் செயல் எதுவும் அந்தச் சட்டத்தின்படி பகிடிவதைதான்.

இந்தச் சட்டத்தின் பெயரை முறைப்பாட்டில் சொல்வது ஏன் முக்கியம் என்றால், "அடித்தார்கள்" என்று மட்டும் பதிவானால் அது சாதாரண காயம் விளைவித்தலாகக் கொள்ளப்பட்டு இணக்க சபைக்கு அனுப்பப்படக்கூடும். அங்கே இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசுவார்கள். வேலித் தகராறுக்கு அது நல்ல வழி. ஆனால் இருபது பேர் சேர்ந்து அடித்த ஒரு பிள்ளையை அந்த இருபது பேருக்கும் முன்னால் உட்காரவைத்துக் கைகொடுக்கச் சொல்வது நீதியென்று நான் நினைக்கவில்லை. பகிடிவதைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவில் வழக்குத் தாக்கலானால் இரண்டு ஆண்டுவரை கடூழியச் சிறையும், பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடும் உண்டு. பகிடிவதையோடு பாலியல் தொந்தரவோ பாரதூரமான காயமோ சேர்ந்தால் சிறைத் தண்டனை பத்து ஆண்டுவரை போகும். மிரட்டலுக்குத் தனியாக ஐந்து ஆண்டுவரை தண்டனை இருக்கிறது. அறையில் பூட்டி வைப்பதும் தனிக் குற்றம்.

முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிர்வாக மொழி, எனவே இது நீங்கள் கேட்கும் சலுகையல்ல. தமிழ் எழுதக்கூடிய உத்தியோகத்தர் வரும்வரை காத்திருக்க நேர்ந்தால் காத்திருங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, பிழை இருந்தால் திருத்தச் சொல்லி, அதன் பிறகே கையொப்பமிடுங்கள். ஒரு தகப்பன் தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட பக்கத்தின் அடியில், "சேர் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கையொப்பமிட்டதை நான் பார்த்தேன். மகனை அடித்த ஐந்து பேரில் இருவரின் பெயர் அதில் விடுபட்டிருந்தது என்பது நீதிமன்றத்தில்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

இன்னொரு பொறி, "ஒரு என்ட்ரி மட்டும் போட்டு வைப்போம், நடவடிக்கை வேண்டாம்" என்பது. பெற்றோரே பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள், பிள்ளையின் படிப்புக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில். ஆனால் "எனக்குச் சட்ட நடவடிக்கை தேவையில்லை, பதிவுக்காக மட்டும்" என்ற வரி புத்தகத்தில் ஏறிவிட்டால் விசாரணை அந்த வரியோடு நின்றுவிடும். நடவடிக்கை எடுக்கும்படி கேட்கிறேன் என்ற வரியோடு முறைப்பாடு முடிய வேண்டும்.

திரும்பும்போது முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் அடுத்த எந்தப் படியும் நகராது.

முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் பொறுப்பதிகாரியைச் சந்திக்கக் கேளுங்கள். அவரும் மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும், பிறகு சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்கும் எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். இவை எதுவும் அசையாவிட்டால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 136 ஆம் பிரிவின் கீழ் சட்டத்தரணி ஒருவர் மூலம் நீதவானிடம் நேரடியாகவே முறைப்பாடு தாக்கல் செய்ய வழியுண்டு.

6. பல்கலைக்கழகத்துக்கு எழுதுதல்

பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் கையில் கிடைத்ததும், முடிந்தால் அன்றே, துணைவேந்தருக்கு எழுதுங்கள். பிரதிகள் பதிவாளர், பீடாதிபதி, மாணவர் ஆலோசகர் ஆகியோருக்குப் போக வேண்டும். வாய்மொழியாகச் சொல்வது போதாது. கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்குங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பகிடிவதை முறைப்பாட்டைப் பதியலாம். உள்ளூர் நிர்வாகம் அசட்டையாக இருந்தால் அது மேலிருந்து ஓர் அழுத்தத்தைக் கொடுக்கும்.

கடிதத்தில் நடந்ததைச் சொல்வதோடு, உடனடியாக என்ன வேண்டும் என்பதையும் இலக்கமிட்டுக் கேளுங்கள்: விடுதி மாற்றம், சந்தேகநபர்களுக்கு விசாரணை முடியும்வரை வகுப்புத் தடை, தவறிய விரிவுரைகளுக்கு வரவு விலக்கு, தவறிய பரீட்சையை மருத்துவக் காரணமாக ஏற்றல். வரவு குறைந்து பரீட்சைக்கு உட்கார முடியாமல் போன பின்னர் மருத்துவச் சான்றிதழோடு ஓடுவதைவிட, வைத்தியசாலையில் இருக்கும்போதே அதைப் பீடத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது.

விசாரணைக் குழு அழைத்தால் போங்கள், அறிந்ததைச் சொல்லுங்கள். ஆனால் "பல்கலைக்கழகம் விசாரிக்கிறது, பொலிஸ் முறைப்பாட்டை மீளப்பெறுங்கள்" என்று யார் சொன்னாலும் இணங்க வேண்டாம். ஒழுக்காற்று விசாரணையால் ஒருவரை இடைநிறுத்தவோ நீக்கவோ முடியும், சிறைத் தண்டனை கொடுக்க அதற்கு அதிகாரமில்லை. நீதிமன்றமோ பகிடிவதைச் சட்டத்தில் குற்றவாளியாகக் கண்ட மாணவரை நிறுவனத்திலிருந்து நீக்கும்படியும் கட்டளையிடலாம்.

7. வீட்டுக்கு வரும் சமரசம்

முறைப்பாடு பதிவான இரண்டொரு நாளில் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். முதலில் நண்பர்கள், பிறகு சந்தேகநபரின் தாயும் தகப்பனும், சில இடங்களில் கோயில் தலைவர் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்தினர். "அவனும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளைதான், வாழ்க்கை போய்விடும்" என்று அந்தத் தாய் அழுவது நடிப்பல்ல, அந்த அழுகைக்கு மனம் இளகாமல் இருப்பதும் கடினம். அதனால்தான் முடிவை முற்றத்தில் நின்று எடுக்க வேண்டாம் என்கிறேன். "எங்கள் சட்டத்தரணியோடு கதையுங்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும். எந்தக் கடிதத்திலும் கையொப்பமிட வேண்டாம், மருத்துவச் செலவு என்று எவர் கொடுக்கும் காசையும் வாங்க வேண்டாம்.

வருபவர்கள் மிரட்டினால் அது புதிய குற்றம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கு 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் ஒரு தேசிய அதிகாரசபையும் இயங்குகிறது. மிரட்டலைத் திகதியோடு பதிந்து, பொலிஸில் இரண்டாவது முறைப்பாடாகக் கொடுங்கள்.

8. நீதிமன்றத்தில்

பொலிஸார் நீதவானுக்குச் சமர்ப்பிக்கும் முதல் அறிக்கையைப் பீ அறிக்கை என்பார்கள். அதன் இலக்கத்தை விசாரணை உத்தியோகத்தரிடம் கேட்டு வைத்திருங்கள். பிணை விண்ணப்பம் எடுக்கப்படும் நாளில் உங்கள் சார்பில் ஒரு சட்டத்தரணி முன்னிலையாவது முக்கியம். காயத்தின் பாரதூரத்தையும் மிரட்டலையும் அவர் எடுத்துச் சொன்னால், வளாகத்துக்குள் நுழையக் கூடாது, சாட்சிகளை நெருங்கக் கூடாது என்ற நிபந்தனைகளைப் பிணையோடு கேட்க முடியும். பணவசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்தை நாடலாம். போகும்போது கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றிதழ் பெற்றுச் செல்லுங்கள்.

நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியான குடியியல் வழக்கும் போடலாம். அதற்குச் சம்பவத் திகதியிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கால எல்லை. குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து அந்தக் காலத்தைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

9. ஒரு மாதக் கெடு

நிர்வாகமோ பொலிஸோ தெரிந்தும் கைகட்டி நின்றது என்றால், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். அதை ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். கொழும்புக்குப் போக வசதியில்லை என்று தயங்குபவர்கள், அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படாது. மட்டக்களப்பிலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, துரித இலக்கம் 1996. இந்த மனு அரச தரப்பின் செயலுக்கும் செயலின்மைக்கும் எதிரானது. அடித்த மாணவருக்கு எதிரான வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் தன் பாட்டில் நடக்கும்.

10. இழுபடும்போது

பல்கலைக்கழக விசாரணை என்னவாயிற்று என்று பதிலே வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அதிகாரிக்கு விண்ணப்பியுங்கள். விசாரணைக் குழு நியமிக்கப்பட்ட திகதி, அறிக்கை கையளிக்கப்பட்ட திகதி, பேரவை எடுத்த தீர்மானம் என்று மூன்றே கேள்விகள் போதும். 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று முடிவெடுத்து அறிவிக்க வேண்டும். தகவல் அதிகாரிக்குக் கேள்வி போன பிறகு, அதுவரை மேசையில் கிடந்த கோவைகள் நகரத் தொடங்கியதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன்.

இந்த மாதங்களில் நித்திரை வராமலும், வளாகம் இருக்கும் திசைக்கே போக முடியாமலும் பிள்ளை தவித்தால், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் பேச ஆள் தேவைப்பட்டால் 1926 என்ற தேசிய உளநல இலக்கம் இருக்கிறது. அங்கே கிடைக்கும் கிளினிக் கொப்பியையும் மற்ற ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள். உளக்காயமும் பகிடிவதைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் காயம்தான், நட்டஈட்டைக் கணக்கிடும் நாளில் அந்தக் கொப்பியிலுள்ள திகதிகள் தேவைப்படும்.